பச்சை ஆம்பா, கறுப்பு ஆம்பா

மகனே,

நீ என்னைக் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் வாயைத் திறப்பவள் நான் என்று உன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவரைப் பொய்யராக்க மனமில்லாமல் இதை எழுதுகிறேன். கிட்டாருக்கு எந்த ஆம்ப் சாப்ட்வேர் வாங்கலாம் என்று கோயம்புத்தூரில் உன் ஆபீஸ் நண்பர்களைக் கேட்டாய். இணையத்தில் முகம் தெரியாத ஆட்களைக் கேட்டாய். காரியாபட்டியில் உன் மச்சினனைக்கூடக் கேட்டாய், அவனுக்கு ஆம்ப் என்றால் ஆம்புலன்ஸ். உன் பெண்டாட்டியைக் கேட்டதைப் பற்றி இப்போது பேசவேண்டாம், அதற்குத்தான் மிச்சக் கடிதம் முழுவதும் இருக்கிறது. இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ அவளிடம் காட்டுவாய். ஊருக்கே காட்டிவிட்டால் அவளிடம் தனியாகக் காட்ட உன்னிடம் ஒன்றும் இருக்காதல்லவா, அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அம்மாவுக்கு இந்த வயதில் இது தேவையா என்று யாராவது கேட்டால், வயது எனக்குத்தான் ஏறியது, என் வாய் பத்தாம் வகுப்பிலேயே பெயிலாகி அங்கேயே உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிவிடு.

பாளையம்பட்டியில் நம் வீட்டுக்கு இந்தப் பக்கமும் விசைத்தறி, அந்தப் பக்கமும் விசைத்தறி. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது கிட்டார் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். கிட்டார் வந்தது. பிறகு அதைக் கத்தவைக்க ஆம்ப் வேண்டும் என்றாய். ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டி ஒன்றை மதுரையில் பார்த்துவிட்டு வந்து, அதை எங்கே வைக்கலாம் என்று அளவெடுத்தாய். அதை வைத்தால் உன் அப்பாவை வெளியில் வைக்கவேண்டி வரும் என்றேன். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆம்ப் இருக்கிறது என்று கண்டுபிடித்தாய். கிட்டார் ஒயரை ஒரு சின்னப் பெட்டியில் சொருகி, அந்தப் பெட்டியை லேப்டாப்பில் சொருகினால், திரையில் ஆம்ப் படம் வருகிறது, படத்தில் இருக்கிற திருகைத் திருகினால் சத்தம் மாறுகிறது. எங்கள் ஜெராக்ஸ் கடையில் நான் பார்த்த எந்த மோசடியும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

ஓசியில் கிடைத்ததை எல்லாம் இறக்கினாய். ஒவ்வொன்றிலும் எந்த ஆம்ப் நல்லது, எந்தத் திருகு எங்கே நிற்கவேண்டும் என்று தெரியாமல் என்னிடம் வந்தாய். “அம்மா, கண்ண மூடிக்க. இது ஒண்ணு. இது ரெண்டு. எது?” என்பாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வேன். “மொதல்ல வந்தது வாயில பஞ்ச அடச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. ரெண்டாவது எண்ணெச் சட்டில கடுகு போட்ட மாதிரி இருக்கு, அதையே வையி” என்பேன். நீயும் அந்தச் சத்தத்தைச் சேமித்துவைக்கும்போது ‘பஞ்சுவாய்’ என்றும் ‘கடுகு’ என்றும் பெயர் போட்டு வைப்பாய். உன் லேப்டாப்பில் நான் பெயர் வைத்த சத்தங்கள் வரிசையாக இருந்தன. ஊரில் மற்ற அம்மாக்கள் பிள்ளைக்கு ஒரு தடவைதான் பெயர் வைத்தார்கள். எனக்கு வாரம் ஒரு பெயர்சூட்டு விழா. நீ எதை வாசித்தாலும் முதலில் கேட்ட காது என்னுடையது. அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

வைகாசியில் உன் கல்யாணம். பெண்ணின் பெயர் சங்கீதா என்றதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். பெயரிலேயே சங்கீதத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி வருகிறாள் என்றால் சும்மாவா வருவாள்? காரியாபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய், விளம்பரங்களுக்குக் குரல் பதிகிற ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற பெண் என்று தரகர் சொன்னபோது, ஏதோ மைக் எடுத்துக் கொடுக்கிற வேலை என்று நினைத்துத் தலையாட்டினேன். சத்தத்தைச் சீர்செய்வதே அவள் வேலை என்பது பந்தக்கால் நட்ட பிறகுதான் தெரிந்தது. பந்தக்காலைப் பிடுங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று விட்டுவிட்டேன்.

மறுவீட்டுக்கு நீங்கள் காரியாபட்டி கிளம்பிய அன்று நீ தோளில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றாய். “மறுவீடு உனக்கா, கிட்டாருக்கா?” என்று கேட்டேன். “அவ கேக்கணும்னு சொன்னாம்மா” என்றாய். கிட்டார் கிட்டார் என்று இத்தனை வருஷம் உயிரை விட்டாயே, உன் கிட்ட ஆரு இருந்தா என்று அன்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. விருந்து சாப்பிட்டு, கன்னம் உப்பி, கிட்டாரும் நீயுமாகத் திரும்பி வந்தீர்கள். வந்த அன்றே அந்தப் பெண் அடுப்படியில் எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே, எந்தச் சூதும் இல்லாமல் கேட்டாள்.

“அத்தை, அவரு லேப்டாப்புல இருக்க செட்டிங்கெல்லாம் யாரு வெச்சது? எதை எடுத்தாலும் ட்ரெபிள் உச்சியிலயே நிக்கிது, ஒரே கீச்சு. எங்க வீட்டுல போட்டதும் எங்க அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க.”

“நான்தான் வெச்சேன்” என்றேன்.

துருவிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இங்க நல்லாத்தான் இருக்கு அத்தை. தறிக்கு மேல ஏறிக் கேக்கணும்ல, அதுக்கு அவ்வளவு வேணும். எங்க வீட்டுப் பக்கம் தறி இல்ல, அதான்.”

ட்ரெபிளில் ஆரம்பித்த ட்ரபிள் அதுதான். நமக்குத் தறிச் சத்தம் கேட்பதே இல்லை மகனே, காதுக்குள் காற்று மாதிரி அது பாட்டுக்கு இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, அதற்கு மேலே ஏறி வருகிற கீச்சு எதுவோ அதுதான் நல்ல சத்தம் என்று நீயும் நானும் இத்தனை வருஷம் தேர்ந்தெடுத்திருக்கிறோம். தறிக்கு லீவு விட்ட நாட்களில் அதே ‘கடுகு’ காதில் குத்தும். அப்போதாவது புரிந்ததா? “இன்னைக்கு லேப்டாப்புக்கு ஒடம்பு சரியில்லம்மா” என்று நீ சொல்வாய், “வெயிலு ஜாஸ்தி, மூடி வையி” என்று நான் சொல்வேன். அடுத்த நாள் தறி ஓடும், லேப்டாப் குணமாகிவிடும். இரண்டு பேரில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. வந்தது காரியாபட்டிக்காரிக்கு. அவள் சொன்னது பொய்யாக இருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன். அடுத்த லீவு நாளில் நீங்கள் இருவரும் வெளியே போயிருந்தபோது உன் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவள் அம்மா காதைப் பொத்தியது நியாயம்தான். உண்மையைச் சொல்லி வயிற்றெரிச்சல் கிளப்புகிறவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆடி வந்தது. அந்த மாதத்தின் மேல் இதற்கு முன் எனக்குத் தனிப்பட்ட பிரியம் எதுவும் இருந்ததில்லை. கொடியில் போட்ட சேலை அடுத்த தெருவில் போய்க் காய்கிற மாதம், சோற்றில் பாதி புழுதி விழுகிற மாதம். ஆனால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகிற மாதமும் அதுதான் அல்லவா. சம்பந்தி வீட்டார் சீர் வைத்து அவளைக் கூட்டிப்போனார்கள். “போயிட்டு வாரேன் அத்தை” என்றாள். “அவசரமே இல்ல தாயி” என்றேன், அதை மட்டும் மனப்பூர்வமாகச் சொன்னேன். நீ வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாய். காசு கொடுத்து வாங்கவேண்டிய நல்ல சாப்ட்வேர் இரண்டை, பரீட்சித்துப் பார்க்க ஓசியில் கொடுக்கிற கெடுவில் இறக்கி வைத்திருந்தாய். ஒன்று திரையில் பச்சைப் பெட்டியாகத் தெரியும், இன்னொன்று கறுப்புப் பெட்டி. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், கெடு முடிவதற்குள் முடிவு செய்யவேண்டும் என்றாய். இதைக் கேட்டதும் எனக்குப் பிறந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தப்பை எல்லாம் தறி தலையில் போட்டுவிட்டு, புதிதாகக் காதைத் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

உன் அப்பா மினி பஸ்ஸை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணறு போய்விட்டார். நான் காபியை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “ம், போடு” என்றேன்.

“இரும்மா, சங்கீதா லைன்ல இருக்கா” என்றாய்.

கண்ணைத் திறந்தேன். நீ வாசிக்கத் தொடங்கினாய். கொசுவலையை நகத்தால் சுரண்டுகிற மாதிரி வெறும் கம்பிச் சத்தம் வந்தது. “என்னடா இது, ஆம்ப் எங்க?” என்றேன்.

“ஆம்ப் காரியாபட்டில இருக்கும்மா.”

பெற்றவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? பிறகு விளக்கினாய். ஆம்ப் இல்லாத வெறும் கம்பிச் சத்தத்தை நீ இங்கே பதிந்து அனுப்புவாயாம். அவள் அங்கே, தறி இல்லாத வீட்டில், அதே சத்தத்தைப் பச்சைப் பெட்டியில் ஒரு தடவை, கறுப்புப் பெட்டியில் ஒரு தடவை ஓடவிட்டு, திருகைத் திருகி, முடித்து உனக்குத் திருப்பி அனுப்புவாளாம். வாசித்தது ஒரு தடவைதான், ஆம்ப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம். கை பாளையம்பட்டியில், காது காரியாபட்டியில். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைப் பிரித்து வைக்கப் பெரியவர்கள் ஒரு மாதத்தையே ஒதுக்கினார்கள். நீங்கள் ஒரு சாப்ட்வேரை வைத்து அந்த ஆடியைத் தள்ளுபடி செய்துவிட்டீர்கள்.

நான் அடுப்படிக்குப் போனேன். நீ அடுத்த தடவை வாசிக்கத் தொடங்கியதும் மிக்ஸியைப் போட்டேன். சட்னிக்கு அவசரம் ஒன்றுமில்லை. மிக்ஸி போட்டால் அந்த இரைச்சல் கரண்டு வழியாகவே உன் கிட்டாருக்குள் போய் ‘உம்’ என்று உட்கார்ந்துகொள்ளும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ பல்லைக் கடித்தாய். நான் நிறுத்தினேன். நீ வாசித்தாய். நான் போட்டேன். அப்போது போனில் அவள் குரல் சத்தமாகவே கேட்டது.

“அத்தை மிக்ஸி போடுறாகளா? ரொம்ப நல்லதாப் போச்சு. எந்த ஆம்ப் அந்த எரச்சல அமுக்குதுன்னு பாத்துரலாம். இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க. விட்டு விட்டுப் போடாம ஒரே மூச்சாப் போடச் சொல்லுங்க.”

நீ அடுப்படி வாசலில் வந்து நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அம்மா, கேட்டுச்சுல்ல?” என்றாய். தேங்காய் சட்னியாகி, சட்னி பாலாகி, பால் சூடாகும்வரை நான் மிக்ஸியை ஓட்டினேன். அவளுடைய பரிசோதனைக்கு நான் எடுபிடி. உலகத்தில் எந்த மாமியாருக்கும் மருமகள் இவ்வளவு மரியாதையாக வேலை வைத்திருக்க மாட்டாள்.

முடிவு வந்தது. பச்சைப் பெட்டியில் இரைச்சல் ஊதிப் பெரிதாகிறது, கறுப்பில் நீ வாசிப்பதை நிறுத்தியதும் அதுவும் வாயை மூடிக்கொள்கிறது. பச்சையை ஏற்றினால் லேப்டாப் காற்றாடி அலறுகிறது. நீ ஹெட்போன் மாட்டி வாசித்துப் பார்த்ததில், பச்சையில் கம்பியைத் தட்டினால் சத்தம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வருகிறது. கறுப்பில் விரல் பட்டதும் பேசுகிறது, மெல்லத் தொட்டால் மெல்ல, அழுத்தித் தொட்டால் அழுத்தி. “கறுப்பையே வாங்கிருவோம்” என்றாள். உடனே நான், “பச்சைதான் நல்லாருக்கு” என்றேன். அதுவரை நான் இரண்டையும் கேட்கவே இல்லை.

“ஏன் அத்தை?”

“பச்சைல எம்புட்டு ஆம்ப் இருக்கு! கறுப்புல நாலஞ்சுதான்.”

“இருக்கு அத்தை. எல்லாம் ஒரே மூஞ்சிக்கு வேற வேற பொட்டு வெச்ச மாதிரி இருக்கு.”

“சத்தம் யோசிச்சு வர்றது நல்லதுதான ஆத்தா? இந்த வீட்டுல யாராச்சும் ஒருத்தர் யோசிக்கட்டும்.”

அவள் சிரித்தாள். மனசாரச் சிரித்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் உன் அப்பா வந்ததும் நியாயம் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அவ கறுப்புங்கறா, அதனால நீ பச்சைங்கற. அவ இட்லின்னா நீ தோசைம்ப” என்றார். “நான் எப்பவுமே தோசைதான்” என்றேன். “அப்ப அந்தச் சட்னிய நீயே குடி” என்றார்.

இப்போது ஆவணி. நீங்கள் கோயம்புத்தூரில் தனிக்குடித்தனம். கெடு முடியப்போகிறது, நீ இன்னும் எதையும் வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். யாரிடம் கேள்விப்பட்டேன் என்பதைச் சொல்ல மாட்டேன், உன் பெண்டாட்டி எனக்குப் போன் போடுவதை நிறுத்திவிடுவாள். ஆகவே பெற்றவள் என்ற முறையில் சில வார்த்தை. எத்தனை ஆம்ப் இருக்கிறது என்று பார்த்து வாங்காதே. அது கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு மேசை மாதிரி, இலை நிறைய வைத்திருப்பதில் பாதியை நீ தொடவே மாட்டாய். ஒன்றிரண்டு ஆம்ப்பை எடுத்து அதன் திருகு ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கை பழகு. துருப்பிடித்த கம்பியை மாற்றாமல் வைத்துக்கொண்டு சாப்ட்வேரைத் திட்டாதே. சத்தமில்லாத இடத்தில் ஒரு தடவை கேள், சத்தமுள்ள இடத்தில் ஒரு தடவை கேள், இந்தப் பாடத்தை நாம் இரண்டு பேரும் என்ன விலை கொடுத்துப் படித்தோம் என்பது உனக்குத் தெரியும். வெறும் கம்பிச் சத்தத்தை எப்போதும் அழிக்காமல் வைத்திரு. இது குடித்தனத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவள் ஒன்று சொன்னால் அவள் சொன்னதை மட்டும் முதலில் கேட்டுக்கொள். உன் கோபத்தை அதன்மேல் ஏற்றிக் கேட்பதென்றால் அப்புறம் ஆற அமர ஏற்றிக்கொள்ளலாம். உன் அப்பாவுக்கு இதை இத்தனை வருஷமாகச் சொல்கிறேன், அவர் நேரடியாக முழுச் சத்தத்தில்தான் கேட்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்த இரண்டு சாப்ட்வேர்க்காரர்களின் இணையப் பக்கத்தையும் திறந்து விதிமுறைகளைப் படித்தேன். உன் நண்பர்கள் யாரும் படித்திருக்க மாட்டார்கள், படித்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். பச்சைப் பெட்டியை வாங்கினால் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் போடலாம். கறுப்புப் பெட்டியை வாங்கினால் இரண்டில் போடலாம். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து நான் கறுப்புக் கட்சி. சங்கீதா சொன்னதுதான் சரி, அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல காது என்று கடைக்கு வந்த ஆட்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கறுப்புப் பெட்டியையே வாங்கு.

ஒரு கம்ப்யூட்டர் உன்னுடையது. இன்னொன்று நீ இங்கே விட்டுப்போன பழைய லேப்டாப். அது கறுப்புப் பெட்டியைத் தாங்குகிறது, ஓசிக் கெடுவிலேயே இறக்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ வாசிக்கிற வெறும் கம்பிச் சத்தத்தை எனக்கும் ஒன்று அனுப்பு. முடித்துச் சீர்செய்ததை அனுப்பவேண்டாம், அது அவளுடையது. நான் இங்கே தறி ஓடும்போது உட்கார்ந்து, நானே திருகி, இந்த வீட்டில் கேட்பதற்கு எப்படி இருக்கவேண்டுமோ அப்படி வைத்துக்கொள்கிறேன். அதை யாருக்கும் போட்டுக்காட்ட மாட்டேன். காரியாபட்டி சம்பந்தியம்மா காது பத்திரமாக இருக்கும்.

அந்த இரண்டாவது இடம் நியாயப்படி யாருக்குப் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளும் சொந்தமாக ஒரு லேப்டாப் வைத்திருக்கிறாள், அவள் வேலையே அதுதான், நீ ஊருக்கு வெளியே போனால் அவளுக்கும் தேவைப்படும். இதை எல்லாம் நீ எடுத்துச் சொல்லவேண்டாம், நான் நியாயத்தைக் கேட்கவில்லை. இரண்டாவது கம்ப்யூட்டரைக் கேட்கிறேன். தருகிறேன் என்றால் தருகிறேன் என்று சொல். இல்லை என்றால் இல்லை என்று சொல், உன் அப்பாவிடம் இரண்டு நாள் சண்டை போட்டு ஆறிக்கொள்வேன். “சங்கீதாவக் கேட்டுட்டுச் சொல்றேம்மா” என்று மட்டும் சொல்லிவிடாதே. அவளைக் கேட்டால், அவள் தந்துவிடுவாள்.